தேமல் வந்த கொடியில் அசுவினியே இல்லை, நோய் மட்டும் எப்படிப் பரவுகிறது?

ஜூன் 4, காலை (கேள்வி)

பூசணியும் பீர்க்கும் போட்டிருக்கிறேன். பூசணி இலையெல்லாம் பச்சையும் மஞ்சளுமாகத் திட்டுத்திட்டாகி, கொழுந்து சுருங்கி, தேமல் நன்றாகவே பிடித்துவிட்டது. மருந்துக்கடையில் "அசுவினி, அதாவது சாறு உறிஞ்சுற செடிப்பேன்தான் பரப்புது" என்று சொல்லி மருந்து கொடுத்தார்கள், அடித்தும் ஆயிற்று, நிற்கவில்லை. நோய் வந்த கொடியில் இலையைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறேன், ஒரு அசுவினியைக் காணோம். நல்ல கொடியில்தான் அங்கங்கே கிடக்கிறது. பூச்சியே இல்லாத கொடியிலிருந்து பூச்சி எப்படி நோயை எடுத்துக்கொண்டு போகும்? கடைக்காரர் கதை விடுகிறாரா?

ஜூன் 4, இரவு

கதை இல்லை. அசுவினிதான். ஆனால் நீங்கள் கண்ணால் பார்த்ததை விட்டுவிடாதீர்கள், விஷயமே அதில்தான் இருக்கிறது.

அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் மாக், டி மொரேஸ், மெஷர் என்ற மூவர் 2010-இல் ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். எடுத்துக்கொண்ட செடி பூசணி வகை, வைரஸ் வெள்ளரித் தேமல் வைரஸ். நோய் வந்த செடி நல்ல செடியைவிட அதிகமாக மணம் விடுகிறது, ஆனால் மணத்தின் கலவை கிட்டத்தட்ட நல்ல செடியின் கலவையேதான், அளவுதான் கூட. அசுவினி அந்த மணத்தை நாடி வருகிறது. வந்து ஊசி வாயை இறக்கிப் பார்த்தால் சாறு சரியில்லை. உடனே கிளம்பிவிடுகிறது. அங்கேயே மாட்டிக்கொண்ட அசுவினியும் சரியாகப் பெருகுவதில்லை. ஆக நோய்ச்செடிக்கு வருகிறவர்கள் அதிகம், குடியிருப்பவர்கள் குறைவு. வாசலில் நெய் தோசை வாசனை தூக்கலாக அடிக்கிற ஓட்டலுக்குள் போய், சாம்பாரில் விரலை வைத்துப் பார்த்துவிட்டு எழுந்து அடுத்த கடைக்குப் போவது மாதிரி. அந்த விரலில் ஒட்டிக்கொண்டு போவதுதான் வைரஸ்.

அடுத்த கடை உங்கள் நல்ல கொடி. அதனால்தான் பூச்சி அங்கே தெரிகிறது.

ஜூன் 5

மருந்து ஏன் வேலை செய்யவில்லை என்று கேட்டிருந்தீர்கள், நேற்று தூக்கம் வந்துவிட்டது.

இந்த வைரஸ் அசுவினியின் உடம்புக்குள் போய்க் குடியேறுவதில்லை. ஊசி வாயின் நுனியில் ஒட்டிக்கொள்கிறது, அவ்வளவுதான். எடுக்கவும் சில நொடி போதும், கொடுக்கவும் சில நொடி போதும். சில மணி நேரத்தில் தானாகவே போயும்விடும். நீங்கள் அடித்தது இமிடாகுளோப்ரிட் வகை என்று நினைக்கிறேன் (டப்பாவைப் பாருங்கள்). அது செடிக்குள் ஊறி, சாற்றோடு பூச்சிக்குள் போய்க் கொல்ல வேண்டும். அசுவினி மேல்தோல் செல்லில் ஒரு குத்து குத்திப் பார்த்ததுமே வைரஸ் இறங்கிவிட்டது. அதற்கப்புறம் அது செத்தால் என்ன, பிழைத்தால் என்ன. சில மருந்துகளில் இன்னொரு வம்பும் உண்டு: சாகும் முன் பூச்சி நிலைகொள்ளாமல் இலைக்கு இலை அலைந்து கூடுதலாகக் குத்தித் தொலைக்கும்.

பப்பாளி வளையப்புள்ளி நோயும் இதே கணக்குதான். பப்பாளி போட்டவர்கள் அசுவினியை வைத்துத் தோட்டத்தைச் சோதித்தால் ஏமாந்துவிடுவார்கள், ஏனென்றால் பப்பாளியில் அசுவினி குடும்பம் நடத்துவதே அரிது. வழிப்போக்கனாக வந்து இறங்கி, ருசி பார்த்து, போய்விடும்.

ஜூன் 5, பிற்பகல்

பக்கத்து வயலில் தட்டைப்பயறு இருக்கிறதா? கருப்பு அசுவினி தண்டே தெரியாமல் அப்பியிருக்கும். பூசணிக்கு அது குடிவராது, ஆனால் கூட்டம் அதிகமாகிவிட்டால் இறக்கை முளைத்துக் கிளம்பும், கிளம்பியது உங்கள் கொடியிலும் இறங்கிக் குத்திப் பார்க்கும். வெள்ளரித் தேமல் வைரஸைப் பரப்பத் தெரிந்த அசுவினி இனங்கள் 80-க்கும் மேல். அந்த வைரஸ் வாழக்கூடிய செடிகளோ 1,200-க்கும் மேல், வரப்பில் நிற்கிற களையும் அதில் சேர்த்தி. "என் தோட்டத்தில் அசுவினி இல்லை" என்பது அதனால் பெரிய ஆறுதல் இல்லை.

ஜூன் 7

"அத்தனூண்டு பூச்சிக்கு மூக்கு எங்கே" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். கேலிதான், ஆனாலும் பதில் சொல்லிவிடுகிறேன், எனக்குப் பிடித்த இடம் இது.

உணர்கொம்பில். அசுவினிக்கு ஆறு கணு உள்ள கொம்பு. ஐந்தாவது ஆறாவது கணுக்களில் சின்னச் சின்னக் குழிகள் இருக்கும், நுண்ணோக்கியில் பார்த்தால் வெள்ளைப் பொட்டு மாதிரி. மணம் அந்தக் குழி வழியாகத்தான் நரம்புக்குப் போகிறது. இறக்கை உள்ளதற்கு மூன்றாவது கணுவிலும் வரிசையாகக் குழிகள் கூடுதலாக இருக்கும், இறக்கை இல்லாத அக்கா தங்கைகளுக்குப் பெரும்பாலும் அவ்வளவு கிடையாது. ஊர் ஊராகப் போய் வைரஸ் பரப்புவது இறக்கை உள்ளதுதான்.

நான் படிக்கிற காலத்தில் ஒரு பூச்சியியல் ஆய்வுக்கூடத்தில் கொஞ்ச நாள் ஒட்டிக்கொண்டிருந்தேன். வேலை என்னவென்றால், ஒய் வடிவக் கண்ணாடிக் குழாயில் ஒரு கையில் நல்ல செடியின் காற்று, மறு கையில் நோய்ச்செடியின் காற்று, அடிக்காலில் ஒரு அசுவினியை விட்டுவிட்டு அது எந்தப் பக்கம் திரும்புகிறது என்று பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பது. பாதி அசுவினி எங்கேயும் போகாது. அப்படியே நின்று கொம்பை மேலும் கீழும் ஆட்டும், யோசிக்கிற மாதிரி இருக்கும், அப்புறம் திரும்பி வந்த வழியே நடக்கும். அதை "தேர்வு செய்யவில்லை" என்று எழுதிவிட்டு அடுத்ததை எடுக்க வேண்டும். ஒரு வெள்ளிக்கிழமை கூட வேலை செய்த பெண் தலை நிறைய மல்லிகைப்பூவோடு உள்ளே வந்துவிட்டாள். எங்கள் வழிகாட்டி ஒன்றும் சொல்லவில்லை, அன்று காலை எழுதிய தாளை மட்டும் எடுத்துக் குப்பையில் போட்டார். அதற்கப்புறம் அந்த அறைக்குப் பூ, சென்ட், விபூதி எதுவும் கூடாது என்று ஆயிற்று. விபூதிக்கு என்ன வாசனை என்று ஒருவன் சண்டை போட்டான், அது வேறு கதை.

ஆனால் கண்ணால் பார்த்தது ஒன்று இன்னும் மறக்கவில்லை. அசுவினி இலையில் இறங்கியதும் கொம்பை முன்னால் நீட்டி நாலடி நடக்கும். நிற்கும். கொம்பு இரண்டையும் முதுகுப் பக்கம் மடித்துப் போட்டுவிடும். மூக்கின் வேலை முடிந்தது, இனி வாய். குழல் வாயின் நுனி இலையைத் தொடும், உடம்பு ஒரு துளி முன்னால் சாயும், சில நொடி. பிடித்தால் அப்படியே இருக்கும். பிடிக்கவில்லை என்றால் வாயை எடுத்துவிட்டு, கொம்பை மறுபடியும் முன்னால் கொண்டுவந்து, நடக்கும். அந்தச் சில நொடிக்குள் எல்லாம் நடந்துவிடுகிறது.

ஜூன் 8

"வைரஸுக்கு மூளையா இருக்கிறது, பூச்சியைக் கூப்பிட?" இல்லைதான். யாரும் திட்டம் போடவில்லை. செடியின் மணத்தைத் தற்செயலாகத் தன் பரவலுக்குச் சாதகமாக மாற்றிய வைரஸ் அதிகம் பரவியது, அதன் வம்சம் நம் தோட்டத்தில் இருக்கிறது.

இதில் அழகு என்னவென்றால், எல்லா வைரஸும் ஒரே மாதிரி செய்வதில்லை. பூசணித் தேமலுக்கு, வந்த பூச்சி சீக்கிரம் போக வேண்டும். உருளைக்கிழங்கு இலைச்சுருள் வைரஸுக்கு அது ஆகாது. அசுவினி நரம்புச் சாற்றை நிதானமாக உட்கார்ந்து குடித்தால்தான் வைரஸ் உள்ளே போய், குடலைத் தாண்டி, எச்சில் சுரப்பிக்கு வந்து சேரும். அங்கே நோய்ச்செடியின் மணம் அசுவினியை இழுப்பதோடு அங்கேயே நிறுத்தியும் வைக்கிறது என்று 2002-லேயே காட்டிவிட்டார்கள். நுனியில் ஒட்டிப் போகிற வைரஸ் பூச்சியை விரட்டும், உள்ளே புகுந்து போகிற வைரஸ் உட்கார வைக்கும். முழுக்க இந்தச் சூத்திரத்துக்குள் எல்லா வைரஸும் அடங்காது, ஆனால் பெரும்பாலும் பொருந்துகிறது.

இன்னும் ஒரு படி மேலே: அமெரிக்காவின் ஐடஹோ பல்கலைக்கழகத்தில் பார்லி மஞ்சள் குட்டை வைரஸை வைத்து 2012-இல் வந்த வேலை. வைரஸ் இல்லாத அசுவினி நோய் வந்த கோதுமையைத் தேடிப் போகிறது. வைரஸை வாங்கிக்கொண்ட அசுவினி நல்ல கோதுமையைத் தேடிப் போகிறது. நோய்ச்செடியில் வளர்ந்ததால் அதற்குப் புத்தி மாறியிருக்கும் என்று யாரும் சொல்லக்கூடாது என்பதற்காக, செடியே இல்லாமல் மெல்லிய சவ்வு வழியாக வைரஸைக் குடிக்க வைத்தும் பார்த்தார்கள். அப்போதும் அப்படியே. வைரஸ் செடியை மட்டும் மாற்றவில்லை, பூச்சியின் விருப்பத்தையும் மாற்றியிருக்கிறது. இதை முதலில் படித்தபோது எனக்குக் கொஞ்சம் பயமாகவே இருந்தது.

ஜூன் 8, இரவு

ஓட்டல் உதாரணத்தைப் பிடித்துக்கொண்டு ஆளாளுக்கு ஊர்ப்பெயரோடு கடைப்பெயர் எழுதுகிறீர்கள். வேண்டாம் சாமி, அதை மட்டும் விட்டுவிடுங்கள்.

ஜூன் 12

தாராபுரத்துக்காரர் வெண்டையைப் பற்றிக் கேட்டிருந்தார். வெண்டை மஞ்சள் நரம்புத் தேமலைப் பரப்புவது அசுவினி இல்லை, வெள்ளை ஈ. பூசணிக்குச் சொன்னதை அப்படியே அதற்குப் போடாதீர்கள். வெள்ளை ஈ உட்கார்ந்து உறிஞ்சினால்தான் வைரஸை எடுக்கும், உள்ளே சுற்றி வரச் சில மணி நேரம் ஆகும், அப்புறம் நெடுநாள் வைத்திருக்கும். அதனால் இங்கே பூச்சியைக் குறைத்தால் கொஞ்சமாவது பலன் உண்டு. விதை முளைத்த முதல் சில வாரம் காப்பாற்றிவிட்டால் பாதி ஜெயித்த மாதிரி, பிஞ்சிலே வந்த தேமல்தான் காயையே காட்டாமல் அடிக்கும்.

வெண்டையின் இந்த நோய் வைரஸ் மட்டும் தனியாக வந்து செய்கிற வேலை இல்லை என்பது நம்ம ஊரில் கண்டுபிடித்தது. வைரஸோடு ஒரு சின்னத் துணை டி.என்.ஏ. ஒட்டிக்கொண்டு வருகிறது, இரண்டும் சேர்ந்தால்தான் அசல் நோய் வரும் என்று மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் செய்த ஆய்வு 2003-இல் வந்தது. இதே வகைத் துணை டி.என்.ஏ. சீனாவில் தக்காளி மஞ்சள் இலைச்சுருள் நோயிலும் உண்டு. அது உண்டாக்குகிற ஒரு புரதம் செடிக்குள் எம்.ஒய்.சி.2 என்ற முக்கியமான ஆளை (அதுவும் ஒரு புரதம்தான்) பிடித்து முடக்கிவிடுகிறது. அந்த ஆள் இருந்தால்தான் பூச்சிக்குப் பிடிக்காத டெர்பீன் மணங்களைச் செடி தயாரிக்கும். ஆள் முடங்கினால் மணம் குறையும், வெள்ளை ஈக்குக் கொண்டாட்டம். அந்த ஆய்வு வந்தது 2014-இல். பூசணி அதிகம் மணத்துப் பூச்சியை அழைக்கிறது, இங்கே விரட்டும் மணத்தை அடக்கிப் பூச்சியை உட்கார வைக்கிறது. தொழில் ஒன்று, வழி வேறு.

ஜூன் 15

மூன்று நாளாக யோசித்துக்கொண்டிருந்தேன். மணம் மணம் என்று நான் எழுதியதைப் படித்துவிட்டு, அசுவினி பல மைல் தூரத்திலிருந்து மோப்பம் பிடித்து வருகிறது என்று சிலர் எடுத்துக்கொண்டதாகத் தெரிகிறது. அப்படி இல்லை.

பறக்கிற அசுவினி காற்று போகிற போக்கில் போகும். கீழே இறங்குவதை முடிவு செய்வதில் கண்ணுக்குப் பெரிய பங்கு. மஞ்சள் என்றால் அதற்கு உயிர். ஜெர்மனியில் மோரிக்கே என்பவர் 1951-லேயே மஞ்சள் தட்டில் தண்ணீர் ஊற்றி வைத்து அசுவினி பிடித்தார், அந்தப் பொறிக்கு இன்றும் அவர் பெயர்தான். தேமல் இலையே மஞ்சளடித்துத்தானே கிடக்கிறது, நிறமும் சேர்ந்துதான் இழுக்கிறது. மணத்தின் வேலை கிட்டத்தில் வந்த பிறகும், இலை மேல் நடக்கும்போதும்தான் அதிகம். கண்ணாடிக் குழாயில் நிறத்தை மறைத்துவிட்டு மணத்தை மட்டும் கொடுத்தால் மணம்தான் எல்லாம் என்று தோன்றும். திறந்த வயலில் காற்று அடிக்கிறது, பத்து செடியின் வாசனை கலக்கிறது.

அதனால் மஞ்சள் ஒட்டும் அட்டை கட்டினால் தேமல் நிற்குமா என்று கேட்டவருக்கு: நிற்காது. பூச்சி வந்துவிட்டது என்று சொல்லும், அவ்வளவுதான். எங்கள் பக்கத்தில் ஒருத்தர் கல்யாணப் பந்தல் தோரணம் மாதிரி கட்டிவைத்திருந்தார், தேமல் அதன் அடியிலேயே வந்தது.

ஜூன் 16

எதிர்பார்த்த கேள்வி வந்துவிட்டது: "வாசனையால் வருகிறது என்றால் வாசனையாலேயே விரட்ட முடியாதா? பூண்டு, பெருங்காயம், வேப்பெண்ணெய்?"

இதே ஆசை இங்கிலாந்தில் ராதம்ஸ்டெட் ஆராய்ச்சி நிலையத்துக்கும் வந்தது. ஒரு அசுவினியை எதிரி பிடித்தால் அது பின்பக்கக் குழாய்களிலிருந்து ஒரு சொட்டு விடும், அதில் பார்னசீன் என்ற பொருள், அந்த வாசனை பட்டதும் பக்கத்தில் இருப்பவை வாயைப் பிடுங்கிக்கொண்டு இறங்கி ஓடும். (நீங்களே இலையில் ஒன்றை ஊசியால் குத்திப் பாருங்கள், சில நொடியில் சுற்றிலும் சலசலப்பு தெரியும்.) கோதுமையே அந்த வாசனையை விட்டால்? புதினாவிலிருந்து எடுத்த மரபணு வரிசையை அடிப்படையாக வைத்து அப்படி ஒரு கோதுமையைச் செய்தார்கள். ஆய்வுக்கூடத்தில் அருமையாக வேலை செய்தது. 2012, 2013 இரண்டு வருடம் வயலில் போட்டார்கள், மரபணு மாற்றுப் பயிர் என்று எதிர்ப்பு, ஊர்வலம், வேலி, காவல், எல்லாம் அமர்க்களம். முடிவு 2015-இல் வந்தது: சாதாரணக் கோதுமைக்கும் அதற்கும் அசுவினி எண்ணிக்கையில் வித்தியாசம் இல்லை. காரணமாகச் சொன்னதில் எனக்குப் பொருத்தமாகப் படுவது இது: உண்மையான அபாயச் சொட்டு திடீரென்று வந்து போகும், கோதுமையோ இரவு பகலாக அதே வாசனையை விட்டுக்கொண்டிருந்தது. எப்போதும் அடிக்கிற அபாயமணியை யார் மதிப்பார்கள்.

பூண்டுக் கரைசல் அடிப்பவர்கள் அடியுங்கள், நான் தடுக்கவில்லை. வாசனை எத்தனை மணி நேரம் நிற்கிறது என்று மட்டும் மோந்து பாருங்கள். எண்ணெய் விஷயம் வேறு. வெளிநாடுகளில் உருளை விதைக்கிழங்கு வயல்களில் கனிம எண்ணெயை இலையில் மெல்லப் படியும்படி அடிப்பார்கள், வாசனைக்காக இல்லை, ஊசி வாயின் நுனியில் வைரஸ் ஒட்டுவதை எண்ணெய்ப் படலம் கெடுக்கிறது என்பதற்காக. நுனியில் ஒட்டிப் போகிற வைரஸுக்கு மட்டும்தான் அது சரிப்படும். புது இலை வர வர மறுபடியும் அடிக்க வேண்டும், வெயிலில் அளவு தப்பினால் இலை கருகும்.

செண்டுமல்லி பற்றிக் கேட்டவருக்கு: நியூகாசில் பல்கலைக்கழகத்தில் 2019-இல் தக்காளியோடு செண்டுமல்லி வகையை வைத்துப் பார்த்ததில் வெள்ளை ஈ குறைந்தது, லிமோனீன் என்ற வாசனைதான் காரணம் என்றார்கள். ஆனால் கண்ணாடிக் கூடத்தில், வேறு இன வெள்ளை ஈயில், முதலிலிருந்தே நட்டிருந்தால். ஈ ஏறிய பிறகு கொண்டுபோய் நடுவது தாமதம். பூ விற்று நாலு காசு வரும், அதற்காகவே வைக்கலாம்.

ஜூன் 21

பேச்சு வாழைக்குப் போய்விட்டது, போகட்டும். முடிக்கொத்து நோய் (இலை சிறுத்து உச்சியில் கொத்தாகக் குவிகிற வைரஸ் நோய்) பழனி மலைப்பக்கத்து விருப்பாட்சி வாழையை என்ன பாடு படுத்தியது என்று அந்தப் பக்கத்துப் பெரியவர்களிடம் கேட்டால் சொல்வார்கள். மலைச்சரிவு முழுக்க இருந்த பழம் அருகிப்போய், திசு வளர்ப்புக் கன்று வந்த பிறகுதான் மெல்லத் தலையெடுத்தது. பஞ்சாமிர்தத்துக்கு உரிய பழம் அதுதான் என்பதால் முருகனுக்கே சோதனை.

பரப்புவது வாழை அசுவினி, இலைக்காம்பின் மடிப்புக்குள், குருத்தடியில் கருப்பாக ஒளிந்திருக்கும். அது பரப்புகிறது என்று ஆஸ்திரேலியாவில் மாகி என்பவர் 1920-களில் காட்டினார். 1913 வாக்கில் உள்ளே வந்த நோய் பத்துப் பன்னிரண்டு வருடத்தில் அங்கே வாழைத் தொழிலையே படுக்க வைத்திருந்தது. நோய் மரத்தைக் கட்டாயம் அழிக்க வேண்டும் என்று சட்டம் போட்டு, ஆள் வைத்துத் தோட்டம் தோட்டமாகப் பார்த்துத்தான் மீட்டார்கள். அப்போது மணத்தைப் பற்றி யாருக்கும் தெரியாது. 2021-இல்தான் முடிக்கொத்து வந்த வாழை கூடுதலாக மணம் விட்டு அசுவினியை இழுக்கிறது என்ற ஆய்வு வந்தது. அழித்தது சரியான மரத்தைத்தான்.

நம் ஊரில் "ஒரு தார் வந்துவிடட்டும், அப்புறம் வெட்டலாம்" என்போம். முடிக்கொத்து முற்றிய மரத்தில் தார் வராது அண்ணே. வருவது பக்கத்து மரத்துக்கு நோய்.

ஜூன் 22

தேனீ பற்றிக் கேட்டதற்குச் சுருக்கமாக: கேம்பிரிட்ஜில் 2016-இல் வெள்ளரித் தேமல் வந்த தக்காளியின் மணத்தைப் பெரிய வண்டுத்தேனீக்கள் அதிகம் விரும்புவதாகக் கண்டார்கள். அந்தத் தேனீ வைரஸைப் பரப்பும் என்று யாரும் சொல்லவில்லை. நோய்ச்செடிக்கு மகரந்தச் சேர்க்கை நன்றாக நடந்தால் விதை கிடைக்கும், நோயைத் தாங்காத அந்தச் செடியின் வம்சம் அழியாமல் இருக்கும், வைரஸுக்கு அடுத்த தலைமுறையிலும் சாப்பாடு இருக்கும் என்பது அவர்கள் ஊகம். எனக்கு இது கொஞ்சம் தூரமாகத் தோன்றுகிறது. காட்டுச்செடிக்குச் சரி, கடையில் விதை வாங்கிப் போடுகிற தக்காளிக்கு இதில் என்ன வேலை.

ஜூலை 2

கேள்வி கேட்டவர் மறுபடியும் வந்திருக்கிறார், அடுத்த போகத்துக்கு என்ன செய்வது என்று. நான் செய்வதைச் சொல்கிறேன். பூசணி விதைக்கு முன்னாலேயே சுற்றிலும் மக்காச்சோளம் இரண்டு மூன்று வரிசை, பூசணி முளைக்கும்போது அது முழங்கால் உயரமாவது இருக்க வேண்டும். வெளியிலிருந்து வருகிற அசுவினி முதலில் அதில் இறங்கிக் குத்தினால் நுனியில் இருக்கிற வைரஸ் அங்கேயே கழிந்துவிடும். வசதி இருந்தால் வெள்ளி நிற மூடாக்கு, வானத்து வெளிச்சம் கீழிருந்து அடித்தால் பறக்கிற அசுவினிக்கு இறங்கத் தோன்றாது, கொடி படர்ந்து மூடுகிறவரை அது உதவும். தினம் ஒரு சுற்று. கொழுந்து சுருங்கிய முதல் கொடியைக் கண்ட அன்றே எடுத்துவிடுவது. அதில் பிஞ்சு இருந்தாலும். எல்லாக் கொடியிலும் வந்த பிறகு பிடுங்கி லாபமில்லை, அப்போது கிடைக்கிற காயை எடுத்துக்கொள்ள வேண்டியதுதான்.

பிடுங்கும்போது ஒரு கோணிப்பையையோ பழைய உரச்சாக்கையோ கொடியின் மேல் போட்டுச் சுருட்டி, உள்ளே திணித்து, அப்புறம் வேரோடு இழுங்கள், காலையில் பனி காயும் முன் செய்தால் நல்லது. வெறுமனே பிடுங்கி வரப்பில் போட்டால் வாடிய கொடியிலிருந்து அசுவினி கிளம்பிப் பக்கத்துக் கொடிக்குத்தான் நடக்கும். சாறு பட்ட கையையும் கத்தியையும் சோப்பு போட்டுக் கழுவிவிட்டு நல்ல கொடியைத் தொடுங்கள், இந்த வைரஸ் சாற்றிலும் ஒட்டும்.

ஜூலை 3

பிடுங்கிய கொடியை மாட்டுக்குப் போடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். ஆமாம், போடலாம். செடி வைரஸ் மாட்டை ஒன்றும் செய்யாது, பாலிலும் வராது. ஆனால் நீங்கள் அந்தக் கொடிக்கு மருந்து அடித்ததாக மேலே எழுதியிருக்கிறீர்கள், எப்போது அடித்தது? டப்பாவில் போட்டிருக்கிற காத்திருப்பு நாள் தாண்டவில்லை என்றால் போடாதீர்கள், குழிக்குள் போட்டு மண்ணைத் தள்ளிவிடுங்கள்.